மலைக்குள் மழை – 9: பிப்ரவரியில் மட்டும் திறக்கும் கதவு

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை பெய்தும், மேகாலயாவில் இருப்பது போல மைல் கணக்கில் நீண்டு ஓடும் ஆற்றுக்குகை நீலகிரியில் உருவாகவில்லை. காரணம் கல்.

ஊட்டியும் குன்னூரும் உட்கார்ந்திருப்பது சார்னோகைட் பாறையின் மேல். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குவாரிகளில் உடைத்த அதே இனம். மழைநீர் அதைக் குடைந்து வழி செய்யாது. காலங்காலமாக மக்க வைத்துச் செம்மண்ணாக்கும். தேயிலை வேர் பிடிப்பதும், அடைமழையில் சரிந்து சாலையை மூடுவதும் அந்த மண்தான். சுண்ணாம்புக்கல்லின் கதை வேறு. மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கி லேசாகப் புளித்த தண்ணீர், கல்லின் விரிசலில் இறங்கி அதைக் கரைத்துக்கொண்டே போகும். விரிசல் வாய்க்காலாகும், வாய்க்கால் ஆறாகும்.

அதைப் பார்க்க மேகாலயா போகவேண்டும். ஷில்லாங்கின் மேகாலயா அட்வென்ச்சரர்ஸ் அசோசியேஷன், வெளிநாட்டுக் குகையாளர்களோடு சேர்ந்து 1992 முதல் அங்குள்ள குகைகளை அளந்து வருகிறது. ஜெயந்தியா மலையின் க்ரெம் லியாட் ப்ரா மட்டும் 30 கி.மீ.க்கு மேல்.

போகிறவர்கள் வேடிக்கை பார்த்துத் திரும்புவதில்லை, வரைபடம் போடுகிறார்கள். ஒருவர் முன்னே போய்ப் பாறையில் புள்ளி வைப்பார். இன்னொருவர் பின்னால் நின்று தூரம், திசை, சாய்வு மூன்றையும் அளந்து உரக்கச் சொல்வார். மூன்றாமவர் நனைந்தாலும் கிழியாத தாளில் பென்சிலால் குறித்து, பாதையின் வடிவத்தையும் வரைவார். மார்பளவு தண்ணீர் என்றாலும், கூரை தாழ்ந்து மூக்குக்கு மேல் நாலு விரற்கடைதான் இடம் என்றாலும் அளவு நிற்காது. நகர்கிறவருக்கு உடம்பு சூடேறும். நின்று எழுதுகிறவருக்குத்தான் விரல் விறைக்கும். குழுவில் என் மரியாதை முதலில் அவருக்கே.

அந்த உழைப்பால் உலகத்துக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. சோரா என்கிற சிரபுஞ்சி அருகே மவ்ம்லூ குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண், 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பொய்த்ததைப் பதிந்து வைத்திருந்தது. 2018இல் புவியியலாளர்கள் அதிலிருந்து இன்றுவரையிலான காலத்துக்கு மேகாலய யுகம் என்றே பெயர் சூட்டினார்கள். நிலத்தடியில் வாழும் மீன்களில் மிகப் பெரியதும் ஜெயந்தியா குகைத் தண்ணீரில் கிடைத்ததுதான். சிமென்ட்டுக்காகக் குன்றை வெட்ட வருகிறவர்களிடம் ‘இதற்குள் குகை இருக்கிறது’ என்று காட்ட, இந்த வரைபடத்தை விட்டால் வேறென்ன சாட்சி?

பெரிய பயணங்கள் மழையில்லாத பிப்ரவரியை ஒட்டியே நடக்கின்றன. மேட்டில் பெய்கிற மழைச் சத்தம் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது. தண்ணீர்தான் முதலில் வந்து சொல்லும். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். பத்தாம் நாள் அவர்களைக் கண்டுபிடித்தவர்கள், குகை முக்குளிப்பை ஓய்வு நேரத்தில் பழகிய பிரிட்டன்காரர்கள் இருவர். அத்தனை பேரும் பிழைத்தார்கள். மீட்கப் போன முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் பிழைக்கவில்லை.

நீலகிரி இளைஞர்களே, மழைக்காலத்தில் நம் மலையின் பாறைப் பிளவுகளுக்குள் இறங்காதீர்கள். கொடைக்கானல் குணா குகையில் 2006இல் ஓர் இளைஞர் குழிக்குள் விழுந்ததைச் சினிமாவாகவே பார்த்துவிட்டோம். குகை ஆசை இருந்தால் கயிறும் அளவும் பழகுங்கள். பழகியவர்களோடு, ஊர்க்காரர்களின் அனுமதி வாங்கி, பிப்ரவரியில் மேகாலயாவுக்குப் போங்கள்.

(தொடரும்)