பெட்ஃபோர்ட் கியூஎல்: கீழே குனிந்து பாருங்கள்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கிய காலத்து பிரித்தானிய இராணுவ லொறி வகை இது. 1941 முதல் 1945 வரை இங்கிலாந்தில் ஐம்பதாயிரம் அளவில் செய்தார்கள். மூன்று தொன் சுமக்கும். ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், 72 குதிரைவலு, நான்கு சில்லுக்கும் இழுவை.

படையை விட்டு வெளியே வந்த லொறி பிறந்தபடியே இருப்பது அரிது. முதலில் எஞ்சினைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமல், பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய இரும்புக் குழாய் போனால் அது பின்னாளில் ஏற்றிய டீசல்.

பிறகு அடிப்பக்கம். நடுவிலுள்ள டிரான்ஸ்ஃபர் பொக்ஸில் மூன்று ஷாஃப்ட் சேர வேண்டும்: கியர்பொக்ஸிலிருந்து ஒன்று, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. முன்பக்கத்து ஷாஃப்டைத்தான் பலர் கழற்றிவிடுவார்கள். தார் ரோட்டுக்கு அது போதும். நிலாவெளி மணலில் இறங்கினால் லொறி புதைந்துவிடும்.

நம்பத்தகுந்த சாட்சி ஷாஃப்ட் குழாய்தான். எஞ்சினை மாற்றினால் நீளம் மாறும்; குழாயை வெட்டி ஒட்ட வேண்டிவரும். தொழிற்சாலை வெல்டிங் குழாயின் இரு நுனிகளில் மட்டும் இருக்கும். நடுவில் தடித்த வளையமாகத் தெரிவது பட்டறை வேலை. இரு நுனிக் கவைகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்றும் கவனியுங்கள். விலகியிருந்தால் ஓட்டத்தில் அதிரும்.

டிஃபரன்ஷியலை மாற்றியிருக்கிறார்களா என்றறிய, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு பின்சில்லை மட்டும் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். அதற்குள் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கைதான் பல்விகிதம்; அதைத் தொழிற்சாலை விகிதத்தோடு ஒப்பிடுவார்கள்.