மோட்டார் சைக்கிள் யந்திரத்தில் சீல் பழுதும் அதன் பரிகாரமும்

நமது கிராமங்களில் பால் கேன், விதை மூட்டை, வாழைத்தார், சில சமயம் ஓர் ஆட்டுக்குட்டி முதலியவற்றைச் சுமந்து செல்லும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களும் மொபெட்டுகளும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1960-களில் ராஜ்தூத்தும், மைசூரில் தயாரான ஜாவாவும் நாட்டுப்புறச் சாலைகளுக்கு வந்தன. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபின் சிறு குடியானவர் வீட்டிலும் ஒரு மோட்டார் வண்டி நிற்கலாயிற்று. இப்போது புதிதாக விற்கப்படும் வண்டிகள் பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் யந்திரமுடையவையே. ஆகவே பழைய வண்டியை வைத்திருப்பவர், அதன் பிணியைத் தாமே அறிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்பிணிகளில் அதிகப் பணத்தை வீணாக்குவது ஒன்றைப்பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

இந்த யந்திரத்துக்கு வால்வுகள் கிடையா. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் வகுத்த முறைப்படி, கிராங்க் சுழலும் அடியறையே கொல்லன் உலைத் துருத்தியைப்போல் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அடியறையில் வெறுமை உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அது நெருக்குண்டு, பக்கத்துத் துவாரங்களின் வழியே மேலறைக்குப் போகிறது. கிராங்கின் இரு முனைகளும் அவ்வறைக்கு வெளியே வருமிடங்களில், காற்று புகாதபடி ஒவ்வொரு ரப்பர் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் ‘ஆயில் சீல்’ என்று சொல்வது இதைத்தான். ஒன்று மாக்னெட்டுப் பக்கத்திலும் மற்றொன்று கிளட்ச் பக்கத்திலும் உண்டு. உஷ்ணத்தாலும் வயதினாலும் இவற்றின் உதடு விறைத்துத் தேய்ந்துபோகிறது. அப்போது துருத்தியில் ஓட்டை விழுந்த கதைதான்.

மாக்னெட்டுப் பக்கத்து சீல் கெட்டால் அவ்வழியாக வெறுங்காற்று உட்புகுகிறது. கலவையில் பெட்ரோலும், அதனுடன் கலந்து வரவேண்டிய எண்ணெயும் குறைந்து, யந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்கிறது. வண்டி நின்றவுடன் பட்டறையில் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். பிஸ்டனில் கீறல் தெரிகிறது. போர் வேலை செய்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டுக் கொடுக்கிறார்கள். பழுதுக்குக் காரணமான வளையமோ அப்படியே இருக்கிறது.

எனக்கும் இது நேர்ந்தது. 2011-ஆம் வருஷம், சம்பா நாற்றங்கால் சமயத்தில், விதை மூட்டையுடன் சென்றுகொண்டிருந்தபோது பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் கட்டிக்கொள்ள, மூட்டையோடு வாய்க்கால் கரையில் சரிந்தேன். பட்டறையில் போர் வேலை முடித்து வாங்கி வந்து ஏழு வாரம் ஆவதற்குள் மறுபடியும் அதே கதி. எண்ணெய் போதவில்லை என்று சொன்னார்கள். நானும் நம்பி அளவைக் கூட்டினேன். இது தவறு. எண்ணெயைக் கூட்டும் அளவுக்குக் கலவையில் பெட்ரோலின் பாகம் குறைந்து, அது மேலும் வறட்சியாகிறதேயன்றி நன்மையில்லை. கையேட்டில் 1-க்கு 25 என்று கண்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லியே ஊற்றவேண்டும்.

இரண்டாம் முறை வேலை பார்த்த வண்டியை ஒரு கிராமத்தில் நிறுத்தியபோது, அவ்வூரில் ஆயில் எஞ்சின்களைக் கவனித்துவந்த வயோதிக மேஸ்திரி ஒருவர் அருகில் வந்து சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். “ஐயா, பிடியை விட்டும் இரைச்சல் இறங்கவில்லை, பாருங்கள். பிஸ்டன்மேல் குற்றமில்லை, மாக்னெட்டுப் பக்கம் காற்று இழுக்கிறது” என்றார். கழற்றியதில் சீலின் உதடு விரலால் வளைத்த மாத்திரத்தில் ஒடிந்தது. அதன் விலை, போர் வேலைக்கு நான் இருமுறை கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகையால் அடையாளங்களை நன்றாகக் கவனிக்கவேண்டும். காலையில் வண்டி எளிதில் கிளம்பாது. கிளம்பியபின், பிடியை மூடியும் வேகம் தணியாமல் இரைந்து நிற்கும். சில நேரம் தானாகவே ஏறும். குறுகிய வரப்புப் பாதையில் இது அபாயகரமானது. ஓடி நின்றவுடன் பிளக்கைக் கழற்றினால், காப்பிப் பொடி நிறத்தில் இருக்கவேண்டிய அதன் முனை சாம்பல்போல் வெளுத்திருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் கெட்டாலோ விஷயம் வேறு: கிளட்ச் அறையிலுள்ள எண்ணெய் உறிஞ்சப்பட்டு, ஓயாத வெண்புகை வரும், பிளக்கு கருத்து ஈரமாகும், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே எண்ணெய் மட்டம் குறைந்துகொண்டு போகும். அந்த எண்ணெயை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வீசுவதும் உண்டு.

கார்புரேட்டர் இணைப்பிலுள்ள காஸ்கெட் கிழிந்தாலும் காற்று புகும். அதைச் சரிபார்ப்பது சுலபமாதலால் முதலில் அதைப் பார்க்கலாம். அது சரியாயிருந்தால், பட்டறையில் காற்றுப் பரீட்சை செய்யச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாயையும் புகைபோக்கி வாயையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு பவுண்டுக்கு மேற்படாமல் சைக்கிள் பம்பினால் காற்றேற்றி, சீலைச் சுற்றிச் சோப்பு நீர் தடவினால் கசியுமிடத்தில் குமிழி எழும். ஓடும் யந்திரத்தின்மேல் பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும், அதற்கு இடங்கொடுக்கலாகாது.

மாக்னெட்டுச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற விடாதீர்கள். அதற்குரிய புல்லரால்தான் இழுக்கவேண்டும். தட்டினால் கிராங்க் கோணலாகும். சக்கரத்தை எடுத்தபின் தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது மிகவும் அவசியம். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறதென்று அர்த்தம். பேரிங்கை மாற்றாமல் புது சீல் மட்டும் போட்டால், ஆடும் தண்டு அதையும் சீக்கிரம் தின்றுவிடும். புதியதைப் போடுமுன், பழையது எந்த முகமாக இருந்ததென்று குறித்துக்கொண்டு, உதட்டில் எண்ணெய் தடவி, தண்டிலுள்ள சாவிப் பள்ளத்தின் கூர்மை உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய காகிதம் சுற்றி, பொருத்தமான குழாய்த்துண்டு ஒன்றை வைத்துச் சமமாக அழுத்தவேண்டும். சில யந்திரங்களில் அடியறையையே பிளந்தால்தான் சீலை எட்டமுடியும். அப்படிப் பிளக்கும்போது இரு சீல்களையும் இரு பேரிங்குகளையும் ஒருங்கே மாற்றிவிடுவது சிக்கனம், கூலி ஒன்றே.

இன்று விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பழைய வண்டிகளின் ரப்பர் சாமான்கள் விரைவில் கெடக்கூடும். எத்தனால் கலவையைச் சற்று வறட்சியாக்குவதும் உண்டு. ஆகவே சீல் சந்தேகத்திற்கிடமான வண்டியில் பாரம் ஏற்றி நெடுந்தூரம் செல்லவேண்டாம். வழியில் யந்திரத்தின் சத்தம் கம்மி வலு குறைவதாகத் தோன்றினால், கிளட்ச் பிடியுள்ள வண்டியானால் அந்தக் கணமே பிடியை அழுத்தி ஓரங்கட்டவேண்டும். பின்சக்கரம் கட்டாமல் தப்பலாம்.

முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்களில் பலவற்றில் இருப்பதும் இதே ஜாதி யந்திரந்தான். ஒரு போகம் வேலை செய்து, பல மாதம் பரணில் கிடப்பதால் அவற்றின் சீல் வண்டியினுடையதைக் காட்டிலும் முந்தி விறைக்கிறது. பரணில் ஏற்றுமுன் பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு, பிளக்குத் துவாரத்தில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை நாலைந்து தரம் மெதுவாக இழுத்து வைக்கலாம். அடுத்த போகத்தில் இறக்கியதும், வயலுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டு வாசலிலேயே ஓடவிட்டு, பிடியை மூடியதும் சத்தம் இறங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளவும்.