தற்புகழ்ச்சி எப்பொழுது தகும்?

நிறைகுடம் தளும்பாது என்பது எமது முன்னோர் மொழி. தன் திறமையைத் தானே எடுத்துக் கூறுபவனை ஊரார் மதியாத வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. வீட்டிலே பெற்றோரும் பள்ளியிலே ஆசிரியரும் அடக்கத்தையே பிள்ளைகளுக்கு அணிகலனாகக் கற்பித்து வந்துள்ளனர். ஆனால், அவ்வாறு வளர்ந்த பிள்ளை படிப்பை முடித்து உத்தியோகம் தேடிப் புறப்படும்பொழுது உலகம் வேறொன்றை எதிர்பார்க்கின்றது. “உன்னைப் பற்றிச் சொல், நீ செய்தவற்றைக் காட்டு, உன் பெயரை நாலு பேர் அறியச் செய்” என்கின்றது. விண்ணப்பத்தைக் கையிலெடுக்கும் அதிகாரி, விண்ணப்பகாரரின் பெயரை இணையத்திலே தேடிப் பார்ப்பதும் இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

இவ்விரண்டு அறிவுரைகளுக்கும் நடுவிலே அகப்பட்டுத் தத்தளிக்கும் வாலிபரும் யுவதிகளும் பலர். திறமை இருந்தும் வாய் திறவாதிருந்து, கிடைக்கவேண்டிய வாய்ப்பைப் பிறருக்கு விட்டுவிடுபவர் ஒரு சாரார். கையிலே சரக்கில்லாமல் கடை விரித்துச் சில நாளிலே பெயர் கெடுபவர் மற்றொரு சாரார். இரு சாராருக்கும் பயன்படக்கூடிய ஒரு விதி எமது இலக்கண நூலிலேயே இருக்கின்றது. அதனை நேயர்களுக்கு நினைவூட்டுவதே எமது நோக்கம்.

நன்னூலார் வகுத்த விதி

13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலைத் தமிழ் மாணவர் அறிவர். நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை செய்த நூல் அது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியனே எழுதலாகாது. அவனுடைய ஆசிரியன், அவனோடு கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகியோரே எழுதல் வேண்டும் என்று அங்கே கூறப்பட்டுள்ளது. எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தாலும் தன்னைத் தான் புகழ்வது தகுதியன்று என்பதே அதற்குக் காரணம்.

ஆயினும், முனிவர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. நான்கு இடங்களிலே புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் அளிக்கின்றார். அரசவைக்கு ஓலை விடுக்கும்பொழுதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலே நிற்கும்பொழுதும், அவையிலே வாதஞ்செய்து வெல்லவேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த பொழுதும் அது குற்றமாகாது என்பது அவர் கருத்து. ஏட்டுச்சுவடிக் காலத்துப் புலவருக்குச் சொல்லப்பட்ட இந்நான்கும் இன்றைய சமூக வலைத்தளங்களுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசவைக்கு ஓலை

2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட லிங்க்டின் என்னும் தளம் தொழில் உலகுக்கென்றே அமைந்தது. 2016ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2,620 கோடி டொலருக்கு அதனை வாங்க முன்வந்தது. 2023ஆம் ஆண்டில் அதன் அங்கத்தவர் தொகை 100 கோடியை எட்டியது. ஒருவர் தமது கல்வியையும் உத்தியோகத்தையும் திறமைகளையும் வரிசைப்படுத்தி அங்கே எழுதிவைக்கின்றார். ஆட்களைத் தேடும் நிறுவனங்கள் அதனை வாசிக்கின்றன. அரசவைக்கு விடுத்த ஓலை என்றே அதனைக் கொள்ளலாம். அங்கே தன்னைப் பற்றிச் சொல்லாதிருப்பது அடக்கமாகாது. கேட்டவருக்கு விடை கூறாமையே ஆகும்.

எதை எழுதுவது? “கடின உழைப்பாளி”, “பொறுப்புணர்ச்சி மிக்கவர்” என்னும் சொற்களால் பயனில்லை; எல்லோரும் அவற்றையே எழுதுகின்றனர். எங்கே, எத்தனை மாதம், எந்த வேலையை, யாருடைய மேற்பார்வையிலே செய்தோம் என்பதை எழுதினால் வாசிப்பவருக்கு ஆளைப் பற்றிய தெளிவு பிறக்கும். கணக்கெழுதியவர் எத்தனை கடைகளின் கணக்கை எழுதினார் என்று கூறலாம். தாதியாகப் பயின்றவர் எந்தெந்தப் பிரிவுகளிலே பயிற்சி பெற்றார் என்று கூறலாம். அதே தளத்திலே, எம்மைப் பற்றிப் பிறர் நற்சாட்சி எழுதுவதற்கும் இடமுண்டு. நன்னூலார் சொன்ன பாயிரம் அதுவே. கற்பித்த ஆசிரியரையும், உடன் வேலை செய்தவரையும், எம்மிடம் பயின்றவரையும் கேட்டு இரண்டொரு வரி எழுதுவிப்பது, நாமே பத்து வரி எழுதுவதிலும் மேலானது.

ஓலையிலே பொய் ஒரு வரியும் இருத்தலாகாது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் யாஹூ நிறுவனத்தின் தலைமை நிருவாகியாக நியமனம் பெற்ற ஸ்கொட் தொம்சன் என்பவர், கணக்கியலிலும் கணினி விஞ்ஞானத்திலும் பட்டம் பெற்றவர் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பங்குதாரர் தரப்பில் விசாரித்தபொழுது, அவர் பெற்றது கணக்கியற் பட்டம் மாத்திரமே என்று வெளிப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அவர் பதவியை விட்டு விலகினார். அதற்கு முன்னரே பெரிய நிறுவனமொன்றின் தலைவராக இருந்தவர் அவர். அந்தப் பொய் வரி இல்லாமலே அவருடைய தகுதி நின்றிருக்கும்.

அறியாதவர் நடுவிலே

ஊருக்குள்ளே இருக்கும்வரை ஒருவருடைய தொழிலை ஊரே சொல்லும். இன்ன தச்சர் செய்த கதவு பிசகாது, இன்ன ஆசிரியையிடம் படித்தால் கணிதம் விளங்கும் என்று அயலார் சொல்ல, வேலை வீடு தேடி வரும். கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டால் அயலாரின் சொல் கூட வருவதில்லை. அங்கே தம்மைத் தாமே அறிவிக்க வேண்டியிருக்கின்றது. அதற்குப் புகழுரை வேண்டியதில்லை. செய்த வேலையைக் கண்முன்னே வைத்தாற் போதும்.

சல்மான் கான் என்பவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மும்பாய்ப் படநடிகரை நாம் குறிப்பிடவில்லை. இவர் அமெரிக்காவிலே வங்காளக் குடும்பமொன்றிலே பிறந்தவர். 2004ஆம் ஆண்டில் முதலீட்டு நிறுவனமொன்றிலே உத்தியோகம் பார்த்த இவர், வேறு ஊரிலிருந்த ஒன்றுவிட்ட தங்கைக்கு ஓய்வு நேரத்திலே கணிதம் சொல்லிக் கொடுத்தார். உறவுப் பிள்ளைகள் பலரும் கேட்கவே, 2006ஆம் ஆண்டில் பாடங்களைச் சிறு காணொளிகளாக்கி யூடியூப்பில் இட்டார். அவற்றிலே அவருடைய முகம் தெரிவதில்லை; கறுப்புத் திரையிலே எழுத்தும், விளக்கும் குரலும் மாத்திரமே. முன்பின் அறியாத மாணவரும் அவற்றைப் பார்த்துப் பயன்பெற்றனர். 2009ஆம் ஆண்டில் உத்தியோகத்தை விட்டு முழுநேரமும் இப்பணியிலே இறங்கினார். 2010ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் அவருடைய கான் அக்கடமிக்கு 20 இலட்சம் டொலர் அறிவித்தது. பயன் முந்திச் சென்றது. பெயர் பின்னே வந்தது.

அத்தகைய புகழ் எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் வழி எல்லோருக்கும் பொதுவானது. தையல் தெரிந்தவர் தாம் தைத்த சட்டையின் உட்புறத் தையலைப் படம்பிடித்துக் காட்டலாம். விவசாயப் பட்டதாரி, வெங்காயப் பயிரைத் தாக்கும் நோயைப் பற்றிக் கமக்காரருக்கு விளங்கும் தமிழிலே பத்து வரி எழுதலாம். கணினி பயிலும் மாணவர் தாம் எழுதிய நிரலைக் கிட்ஹப் தளத்திலே எவரும் பரிசோதிக்க வைக்கலாம். வாரத்துக்கு ஒன்று போதும். ஓராண்டிலே 52 சான்றுகள் சேர்ந்துவிடும்.

இவ்விடத்திலே எமது பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்பொழுது பிறப்புப் பத்திரத்திலே ஒருவிதமாகவும், கடவுச்சீட்டிலே வேறுவிதமாகவும், பட்டச் சான்றிதழிலே இன்னொரு விதமாகவும் எழுத்துக்கள் மாறிவிடுவதுண்டு. தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பெயரே ஆங்கிலத்தில் ‘டி’ என்னும் எழுத்திலும் ‘ரீ’ என்னும் எழுத்திலும் தொடங்கக் காண்கின்றோம். தேடுபவர் எவ்வாறு கண்டுபிடிப்பார்? ஆகவே, கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலைத் தெரிந்தெடுத்து எல்லா இடங்களிலும் அதனையே வழங்குவது நன்று. ஆராய்ச்சித் துறையிலே இறங்குவோருக்கு 2012ஆம் ஆண்டு முதல் ஓர்சிட் என்னும் 16 இலக்க அடையாள எண் இலவசமாக வழங்கப்படுகின்றது. பெயரின் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறாது.

சுவரில்லாத அவை

மூன்றாவது இடம் அவை. முகநூலிலும், முன்னர் டுவிட்டர் எனப்பட்டு 2023ஆம் ஆண்டு முதல் எக்ஸ் எனப்படும் தளத்திலும் நாள்தோறும் வாதங்கள் நிகழ்கின்றன. துறையறிவுள்ளவர் அங்கே தெளிவாக ஒரு விடை கூறினால் மதிப்பு உயரும் என்பது மெய்யே. ஆனால், பழைய அவைக்குச் சுவரும் வாயிலும் இருந்தன. கூடியிருப்பவர் யாரென்று பேசுபவன் அறிவான்; அவை கலைந்தபின் சொல்லும் பெரும்பாலும் கலைந்துவிடும். இன்றைய அவைக்குச் சுவரில்லை. நண்பர் நால்வருக்கென்று எழுதியதைப் பல ஆண்டு கழித்துத் தொழில் தருபவரும் வாசிப்பார்.

கிரிக்கெட் இரசிகர்கள் ஒல்லி ரொபின்சன் என்னும் இங்கிலாந்துப் பந்துவீச்சாளரை அறிவர். 2021ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி, தமது 27ஆம் வயதில், லோட்ஸ் மைதானத்திலே நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடத் தொடங்கினார். அந்த ஆட்டத்திலே 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் முதல் நாளிலேயே, 2012, 2013ஆம் ஆண்டுகளில் அவர் டுவிட்டரிலே எழுதிய, இனத்தையும் பெண்களையும் இழிவுபடுத்தும் வரிகள் வெளிக்கிளம்பின. அன்று மாலையே மன்னிப்புக் கேட்டார். ஆயினும் ஆட்டம் முடிந்ததும் சர்வதேச ஆட்டங்களிலிருந்து இடைநிறுத்தப்பட்டு, அடுத்த டெஸ்ட் ஆட்டத்தை இழந்தார். பல்லாண்டு உழைத்துப் பெற்ற நாள், இளமையிலே யோசியாது எழுதிய வரிகளால் கசந்தது.

தனிக்குழு என்ற பெயரும் காவலாகாது. 2017ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகம், அனுமதி அளித்திருந்த குறைந்தது 10 மாணவரின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. முகநூலிலே தனிக்குழு அமைத்து அவர்கள் பரிமாறிய கீழ்த்தரமான பகிடிகளே காரணம்.

எதிரி பழித்த பொழுது

நான்காவது இடத்திலேதான் பலர் நிதானம் இழக்கின்றனர். பொய்யான பழி எழுந்தால் வாளாவிருத்தல் வேண்டுமென்பதில்லை. உண்மை இது, அதற்குச் சான்று இது என்று ஒரு முறை தெளிவாக எழுதினாற் போதும். பின்னர் அவ்விடத்தை விட்டு நீங்கிவிடலாம். நூறு மறுமொழி எழுதுபவர் பழியை நூறு பேருக்குப் புதிதாக அறிவிக்கின்றார். எமது பெயரிலே பிறர் போலிப் பக்கம் திறந்திருந்தால், அதனைப் படம்பிடித்துச் சான்றாக வைத்துக்கொண்டு, தளத்தை நடத்துவோருக்கு முறையிடல் வேண்டும். பழித்தவர் சொன்னதிலே உண்மை இருக்குமாயின், ஒப்புக்கொண்டு திருத்துவதே மறுமொழி. வாடிக்கையாளரின் குறையை ஏற்று மாற்றுப்பொருள் கொடுத்த கடையை மற்றவர்களும் நம்புவார்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளையின் பெயரிலே இணையத்தில் முதற் பக்கத்தை எழுதுபவர் பல வேளைகளிலே பிள்ளையல்லர், பெற்றோரே. பிறந்தநாட் படமும், பரீட்சைப் புள்ளியும், அழுத முகமும் பிள்ளையின் சம்மதம் இல்லாமலே ஏற்றப்படுகின்றன. வளர்ந்தபின் அப்பெயரைச் சுமப்பது பிள்ளைதான். ஆதலால், ஏற்றுமுன் பிள்ளையைக் கேட்பதும், அறியா வயதாயின் ஏற்றாதிருப்பதும் பெற்றோரின் கடமையாகும். வளர்ந்த பிள்ளைகளோடு ஒருநாள் அமர்ந்து, அவர்களுடைய பெயரைத் தேடி, வருவனவற்றைச் சேர்ந்து பார்ப்பதும் நன்று. கண்டிப்பதற்காக அன்று, பிறர் காண்பதை அவர்களும் காண்பதற்காகவே.

ஓலையும், அறியாதார் கூட்டமும், அவையும், பழியும் ஒழிந்த ஏனைய நேரமெல்லாம் தற்புகழ்ச்சிக்கு உரியதன்று என்பதே நன்னூலார் விதியின் மறுபாதி. ஒன்றை ஏற்றுவதற்கு முன்னர், “இது அந்நான்கினுள் எது?” என்று கேட்டுக்கொள்வோமாயின், எழுதவேண்டியதை அச்சமின்றி எழுதுவோம், வேண்டாததை விட்டுவிடுவோம். அவ்வாறு மிஞ்சும் நேரத்தைத் தொழிலைக் கற்பதிலே செலவிட்டால், காட்டுவதற்குரிய வேலையும் கையிலே சேரும். எமது இளைஞர் இதனைக் கருத்திற் கொள்வாராக.