இடிக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கொருக்குப்பேட்டையில் ஓட்டு வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டுப் பேரப்பிள்ளைகள் கடன் வாங்கித் தளம் போடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இடிக்கிற அன்று ஓட்டையும் உத்தரத்தையும் விலை பேசி விற்கிற நாம், பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை மட்டும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சம்பளச் சீட்டு, சங்க உறுப்பினர் அட்டை, மாநாட்டுத் துண்டறிக்கை, கிராமத்துப் பத்திரம் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன.

பழைய வீட்டில் புதையல் என்றதும் நமக்குப் பொற்காசுதான் நினைவுக்கு வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்லவேண்டும் என்று 1878ஆம் ஆண்டே சட்டம் போட்டுவிட்டார்கள். தாளைக் காப்பாற்ற அப்படி எந்தச் சட்டமும் நம் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

நம் வீடுகளில் என்ன இருந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள் அயோத்திதாசப் பண்டிதரைப் படிக்கவேண்டும். வெள்ளைக்கார அதிகாரி ஹாரிங்டனிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியைக் கொடுத்தார், அது எல்லிஸ் துரை கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் வேலை பார்த்தவர் வீட்டில் குறள் இருந்தது. இதைப் பள்ளிப் பாடத்தில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

அந்தப் பண்டிதருடைய எழுத்தே பிழைத்து வந்தது வீடுகளால்தான். 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ஓராண்டு கழித்து அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் அவர் மறைந்தார். அதன்பின் பல்லாண்டுகள் அந்த இதழ்களைக் கட்டிக் காத்தவை தமிழ்ப் பௌத்தக் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்ற பெரியவர்களும். அந்தக் கட்டுகளிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அச்சேறியது. மறைவுக்கும் தொகுப்புக்கும் நடுவே 85 ஆண்டுகள்! இன்று அவர் பெயரில் ஆய்வுப் பட்டம் வாங்குகிறவர்கள், யாரோ ஓர் ஆயா அந்தக் கட்டை அடுப்பெரிக்கக் கொடுக்காமல் வைத்திருந்ததையும் நினைக்கவேண்டும்.

எல்லாம் பிழைக்கவில்லை. 1869இல் வந்த ‘சூரியோதயம்’ தொடங்கி நம்மவர் நடத்திய இதழ்களை ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு நூலாகவே தொகுத்துச் சொல்லியிருக்கிறார். அவற்றில் பல இன்று வெறும் பெயர்கள்தான். வேறொரு இதழில் வந்த குறிப்பால்தான் அப்படி ஒன்று இருந்ததென்றே தெரிகிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கி ஏழாண்டுகள் நடத்திய ‘பறையன்’ இதழுக்கு ஒரு முழுத் தொகுதி இல்லை.

ஏன் இல்லை? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற சைன்போர்டு ஓவியர் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களைத் தேடிச் சேர்த்தார். அதுவே இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டு வீடுகள் தலைமுறை தலைமுறையாக நின்றன. நம் குடிசைகள் நின்றனவா? ஒரு கோடையில் தீ, ஒரு மழையில் வெள்ளம், அப்புறம் கால்வாய்க்கரை காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் லாரி ஏறும்போது பிள்ளையைத் தூக்குவார்களா, பெட்டியைத் தூக்குவார்களா? எழுதாத சாதி என்று நம்மைச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பெட்டியில் இருப்பது வரலாறு மட்டுமல்ல, நிலமாகவும் இருக்கலாம். வடசென்னைக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் பல செங்கல்பட்டு, வடாற்காடு கிராமங்களைச் சேர்ந்தவை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. அப்படிக் கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது ஊரறிந்த கதை. காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். இத்தகைய வழக்குகளில் நம் பக்கம் பேசக்கூடியது ஒரு பழுப்பேறிய தாள்தான். அது கிராமத்தில் இல்லாமல், கொருக்குப்பேட்டைச் சந்து ஒன்றில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம்.

ஆகவே தாள் கிடைத்தால் வெயிலில் போடாதீர்கள். நிழலில் காற்றாட விடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகித் தாளை அரித்துவிடும். லேமினேஷன் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், யாருடைய பொருளோடு கிடைத்தது என்று எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியிடமும் காட்டிக் கேளுங்கள். அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று அவருக்குத்தான் தெரியும். பட்டாவோ பத்திரமோ என்றால் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும், சார்பதிவாளரிடம் வில்லங்கச் சான்றையும் கேட்டு ஒப்பிடுங்கள். கல்லூரி மாணவர்கள் இதில் பெரியவர்களுக்குத் துணை நிற்கலாம். யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தாள் வீட்டிலேயே இருக்கட்டும்.