டி.பி. கிருமியை கம்ப்யூட்டரில் 'வளர்ப்பது' ஏன்? புனே சூப்பர் கம்ப்யூட்டர் முதல் உங்க லேப்டாப் வரை

உலகில் டி.பி. வருகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதால் புது மருந்து அவசரமாகத் தேவை. ஆனால் இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். டி.பி. கிருமிக்கு கிட்டத்தட்ட ஒரு நாள் வேணும். லேபில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவும் உயர் பாதுகாப்பு லேபில்தான் வளர்க்க முடியும்.

அதன் மரபணுக்கள் சுமார் 4,000. எதைத் தடுத்தால் கிருமி சாகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது சாதாரண வேலை இல்லை. அதனால்தான் விஞ்ஞானிகள் முதலில் கம்ப்யூட்டரில் தேடுகிறார்கள்.

புனேவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஆய்வுக்கு இரண்டு விஷயம் வேணும்: நுண்ணுயிரிகள், கணக்குத் திறன். புனேவில் இரண்டும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. தேசிய வேதியியல் ஆய்வகத்தில் தொழில்துறை நுண்ணுயிரிகளின் தேசியச் சேகரிப்பு இருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் இன்னொரு பெரிய நுண்ணுயிரிச் சேகரிப்பைப் பராமரிக்கிறது. 1991-ல் 'பரம் 8000' சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் தலைமையகமும் இந்த ஊர்தான். பாஷாணில் உள்ள ஐசர் வளாகத்தில் 2019-ல் 'பரம் பிரம்மா' வந்தது. அதன் தொடக்கத் திறன் 797 டெராஃப்ளாப். அதாவது நொடிக்கு 797 லட்சம் கோடி கணக்குகள்.

ஒரு செல்லை எப்படி கணக்காக மாற்றுவது?

இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் முழு செல்லையும் ஒரு வரவு-செலவுக் கணக்கு மாதிரி பார்க்கிறார்கள். செல்லுக்குள் ஒரு பொருள் இன்னொன்றாக மாறும் ஒவ்வொரு வேதிவினைக்கும் ஒரு சமன்பாடு. எந்தப் பொருளும் உள்ளே தேங்கக் கூடாது, வரவும் செலவும் சரியாகணும். இந்த நிபந்தனைக்குள் செல் அதிகபட்சம் எவ்வளவு வளர முடியும் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். 'ஃப்ளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ்' என்பது இதுதான்.

அடுத்து, ஒரு மரபணுவை 'ஆஃப்' செய்து பார்ப்பார்கள். ஹிஞ்சவடி ஐ.டி. பார்க் போகிற ஒரு ரோட்டை மூடினால் டிராஃபிக் வேறு ரோட்டில் திரும்பும். போக ஒரே ஒரு ரோடுதான் என்றால் ஆபீஸே காலி. செல்லிலும் அப்படித்தான். மாற்று வழியே இல்லாத வேதிவினை எதுவோ, அதைச் செய்யும் புரதம் மருந்துக்கு நல்ல இலக்கு.

இது நிஜமா வேலை செய்யுமா?

டி.பி. கிருமிக்கு மெழுகு போன்ற ஒரு கவசம் உண்டு. அதற்குத் தேவையான மைக்கோலிக் அமிலம் உருவாகும் பாதையை கார்த்திக் ராமன், ப்ரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா ஆகியோர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இப்படி மாடல் செய்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில் 28 புரதங்கள், 197 பொருள்கள், 219 வேதிவினைகள். மனித உடலில் உள்ள புரதங்களைப் போலிருப்பவற்றைக் கழித்துவிட்டு, மருந்துக்கான இலக்குகளாக ஒரு சின்னப் பட்டியல் கொடுத்தார்கள். அதில் ஒன்று 'பி.கே.எஸ்.13' என்ற புரதம்.

2017-ல் வேறொரு சர்வதேசக் குழு, இதே புரதத்தைத் தடுக்கும் 'டாம்16' என்ற மூலக்கூறு எலிகளில் டி.பி.யைக் கட்டுப்படுத்துவதாகக் காட்டியது. பட்டியல் சொன்னதால் அந்த மூலக்கூறு பிறந்தது என்று அர்த்தம் இல்லை. ஆனால் கணக்கு கைகாட்டிய இடமும் லேப் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றாக இருந்தது.

அப்போ சூப்பர் கம்ப்யூட்டர் எதுக்கு?

இரண்டாவது வழிக்கு. இலக்கு தெரிந்த பிறகு, மருந்து அதில் எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கணும். டி.பி.க்கு 1952 முதல் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியின் 'கேட்ஜி' என்ற புரதம்தான் அந்த மருந்தையே உயிர்ப்பிக்கிறது. கேட்ஜியில் 315-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்து சரியாக வேலை செய்யாது. மருந்தை எதிர்க்கும் டி.பி.யில் அடிக்கடி காணப்படும் மாற்றம் இது.

இப்படி ஒரு சின்ன மாற்றம் என்ன செய்கிறது என்று புரிய, ஒவ்வொரு அணுவின் அசைவையும் கணக்கிட வேண்டும். இதன் பெயர் 'மாலிக்யூலர் டைனமிக்ஸ்'. ஒரு படியில் வழக்கமாக 2 ஃபெம்டோ நொடிதான் நகர முடியும். ஒரு மைக்ரோ நொடியைப் பார்க்கவே 50 கோடி படிகள். ஒவ்வொரு படியிலும் புரதம், சுற்றியுள்ள தண்ணீர் என்று லட்சக்கணக்கான அணுக்கள் இருக்கலாம். 'பரம்' போன்ற இயந்திரங்கள் இதற்குத்தான் தேவை.

எங்கே சறுக்கும்?

மாடலுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறோம் என்பதில்தான். டி.பி. கிருமி நம் உடலில் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்று வாழ்கிறது. கம்ப்யூட்டரில் அதற்கு சர்க்கரையை மட்டும் கொடுத்தால், 'இது இல்லாமல் கிருமி வாழாது' என்று வரும் பட்டியலே மாறிவிடும். அதோடு, செல் எந்த மரபணுவை எப்போது இயக்கும் என்பதும் வரவு-செலவுக் கணக்கில் வராது. அதனால் கம்ப்யூட்டர் கொடுப்பது ஷார்ட்லிஸ்ட் மட்டும்தான். இறுதி இன்டர்வியூ லேபில், அதன் பிறகு மனிதர்களிடம். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

நாம முயற்சி பண்ணலாமா?

தாராளமா. பைத்தான் தெரிந்தால் போதும். 'கோப்ராபை' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1,515 மரபணுக்களும் 2,712 வேதிவினைகளும் கொண்ட ஈ.கோலை மாடலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மரபணுவை ஆஃப் செய்து விடை பார்க்க, சாதாரண லேப்டாப்பில் சில நொடிகள்தான் ஆகும்.