படம் திரும்பினாற் கோடும் திரும்ப வேண்டாமா?

வீட்டிலுள்ள பழைய படமொன்றைக் கணினியில் ஏற்றிச் செப்பஞ்செய்யப் புகுவோர் இன்று பலர். பாட்டியாரின் உருவத்தை மங்கிய பின்னணியினின்றும் பிரித்தெடுக்க வேண்டுமாயின், கூந்தல், தோள், சேலைத் தலைப்பு ஆகியவற்றின் ஓரமாகப் பாதைக்கோடு ஒன்று வரைதல் வேண்டும். பொறுமையுள்ளோர்க்கும் ஒரு பிற்பகல் கழியும் வேலை அது. வரைந்து முடித்த பின்னரே படம் சற்றுச் சாய்ந்திருப்பது கண்ணிற் படும். நிமிர்த்துகிறோம். படம் நிமிர்ந்துவிடுகிறது, கோடோ பழைய இடத்திலேயே நிற்கிறது! உழைப்பெல்லாம் வீணாயிற்றோ என்று மனம் கலங்குவது இயல்பே.

ஒரே திரையிற் தோன்றினும் இவையிரண்டும் இனத்தால் வேறானவை. படம் நிறப்புள்ளிகளின் கூட்டம். கோடோ, சில கணுக்களின் இடத்தையும் அவற்றின் கைப்பிடிகளையும் மாத்திரம் கொண்ட கணிதச் சூத்திரம். பிரான்சிலே மோட்டார் வண்டிகளின் வளைவுகளை வரைவதற்காக, சிட்ரோயென் நிறுவனத்துப் போல் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்துப் பியேர் பெசியேயும் 1960 ஆம் ஆண்டை அண்டித் தனித்தனியே வகுத்த முறை இது. கணுக்களையும் கைப்பிடிகளையும் திருப்பினால் வளைவு முழுவதும் பழுதின்றித் திரும்பும். புள்ளிப்படமோ ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாகக் கணிக்கப்பட்டுச் சிறிது கூர்மை இழக்கும்.

இரண்டையும் தனித்தனியே 3 பாகை திருப்பினாற் போதாதா என மாணவர் வினவலாம். போதாது. படம் தன் நடுவையும், கோடு தன் நடுவையும் மையமாகக் கொண்டு சுழல்வதே வழக்கம். அவ்விரு மையங்களுக்கும் இடையே 1000 புள்ளித் தூரம் இருப்பின், கோடு ஏறத்தாழ 52 புள்ளி விலகிவிடும். பாட்டியாரின் கன்னத்தை வெட்ட அது போதும்!

போட்டோஷாப்பிலே பாதைக்கோடு தெரிவாகியிருக்கும்போது உருமாற்றக் கட்டளை கோட்டையே பற்றும், படத்தைத் தொடாது. ஆகவே முழுப்படத்தையும் திருப்பும் கட்டளையை நாடுதலே நன்று. கோடும் உடன் செல்லும். கிம்ப் மென்பொருளிலும் இவ்வழி உண்டு. அதன் பழைய பதிப்புகளில் அடுக்கையும் கோட்டையும் சங்கிலிக் குறியாற் பிணைத்தும் வைக்கலாம். 2025 இல் வெளிவந்த 3.0 பதிப்பில் அச்சங்கிலி இல்லை. ஓர் அடுக்கை மாத்திரம் திருப்ப நேரின், இரண்டிற்கும் ஒரே மையத்தை நாமே குறித்தல் வேண்டும்.

பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தின் கோணலை இழுத்து நேராக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே கணுக்கள் சரியான இடத்திற் போய் அமர்ந்தாலும், இடைப்பட்ட வளைவு ஓரத்தினின்றும் மெல்ல விலகக் கூடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஓரிரு கைப்பிடிகளை அசைத்தால் வளைவு மீண்டும் தோளோடு பொருந்தும்.