பதில் ஆசிரியரின் பாடவேளை

கல்முனைக் கரையோரத்தில் மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை பாடசாலைகள் நெருங்கி நெருங்கி அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றினுள் நுழைந்ததும் ஏதேனும் ஒரு வகுப்பின் இரைச்சல் மற்றவற்றை மீறிக் கேட்குமாயின், அங்கே ஆசிரியரின் நாற்காலி வெறுமையாய் இருக்கின்றது என்று துணிந்து கூறிவிடலாம். சிறிது நேரத்தில் அதிபரின் பணிப்பின்படி, ஓய்வுப் பாடவேளையில் இருந்த வேறோர் ஆசிரியர் வெண்கட்டியுடன் அவ்வகுப்பை நோக்கி நடப்பார். அவரே பதில் ஆசிரியர்.

வராத ஆசிரியரைச் சோம்பேறி என்று பெற்றோர் எண்ணிவிடுவதுண்டு. அவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது. இலங்கையில் ஆசிரியப் பணி புரிவோரிற் பெரும்பாலோர் பெண்கள். மகப்பேற்றுக்கென முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களும், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும் அரச ஊழியருக்கு விடுமுறை உண்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண் உத்தியோகத்தருக்கு இத்தாக் காலமாகிய நான்கு மாதமும் பத்து நாளும் விசேட விடுமுறை அளிக்கப்படுகின்றது. இவை நியாயமான உரிமைகள், குறை கூறுவதற்கில்லை. ஆயினும், சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் கணிதம் கற்பிப்பவர் நான்கு மாதம் வராதிருந்தால், அம்மாணவிகளுக்கு அந்த நான்கு மாதங்களை மீட்டுக் கொடுப்பவர் யார்? பதில் ஆசிரியரின் கடமை இங்கேதான் கனக்கின்றது.

வகுப்பினுள் அவர் வைக்கும் முதல் அடியிலேயே மாணவர் அவரை அளந்துவிடுகின்றனர். "சேர், இண்டைக்கு விளையாடப் போகலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். இதற்குச் சினப்பவர் அப்போதே தோற்றவராவார். சிரித்துவிட்டு, ஒரு மாணவனின் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, முந்திய பாடம் எவ்விடத்தில் நின்றது என்று பார்ப்பவரே அறிவுடையவர். மருதமுனைக் கைத்தறியில் வேறொருவர் பாதியில் விட்ட புடைவையை நெய்ய அமர்பவர், முதலில் இழையைத்தான் பார்ப்பார். தம் விருப்பப்படி புதுக்கரை போடத் தொடங்கமாட்டார். "எங்கட டீச்சர் இப்பிடிச் செய்யிறல்ல" என்று பிள்ளைகள் முறையிடுவதை எதிர்ப்பாகக் கொள்ளலாகாது. அவ்வகுப்பின் வழக்கத்தை அறிவிக்கும் செய்தி அது. இருக்கை ஒழுங்கையும் வகுப்புத் தலைவரின் பொறுப்பையும் இருந்தவாறே விடுதல் நன்று.

அமெரிக்க உளவியலறிஞர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வு நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். குழப்பம் நேர்ந்தபின் எவ்வாறு கண்டிக்கின்றார் என்பதைக் கொண்டு நல்ல ஆசிரியரை இனங்காண இயலவில்லை. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கின்றது என்பதைத் தாம் அறிவார் என மாணவர் உணரச் செய்வதிலும், வேலை தடைப்படாமல் ஓடச் செய்வதிலுமே வேறுபாடு தெரிந்தது. அயல் வகுப்புக்குச் செல்லும் பதில் ஆசிரியருக்கு இது மிகவும் பொருந்தும். கரும்பலகையில் ஒரு வேலை எழுதப்பட்டிருக்க வேண்டும்; அவர் மேசையருகே அமர்ந்துவிடாமல் வரிசைகளுக்கிடையே நடக்க வேண்டும். பெயர் தெரியாவிடின் வரவுப் பதிவேடு இருக்கின்றது. பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளை பாதி அடங்கிவிடும்.

பிரம்பைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் உடற்றண்டனையை விலக்கியுள்ளன. பிள்ளையை அறியாத ஒருவர் கையில் அது முன்னரும் தீங்காகவே இருந்தது.

பாடம் தெரியாத பதில் ஆசிரியர் என்ன செய்வது? தமிழ் கற்பித்தவர் கணித வகுப்பில் தெரிந்தவர்போல் நடித்தால் பத்தே நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். தெரியாது என்று சொல்லி, வல்ல மாணவர் இருவரைப் பலகைக்கு அழைத்துச் செய்த கணக்கையே விளக்கச் செய்யலாம். விளங்காதவர் கேட்கும் வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கணித ஆசிரியர் ஒருவரிடம் சேர்ப்பிக்கலாம்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்பேரலை அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு பாடசாலைகள் திறந்தபோது வகுப்புகள் பல அயற் பாடசாலைக் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் நடந்தன. வெறுமையாய் இருந்தவை நாற்காலிகள் மாத்திரம் அல்ல, வாங்குகளும்தாம். திரும்பி வராத ஓர் ஆசிரியரின் இடத்தில் நிற்பவருக்கு எந்த விதியும் முழுமையாய் உதவாது. அவ்வகுப்பில் முதல் நாள் பாடத்தை ஒதுக்கிவைத்து, அவரைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவிடுவதே தகும்.

திரும்பி வருபவருக்காயின், பாடவேளை முடிவில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை மேசையில் வைத்தல் வேண்டும்: எந்தப் பயிற்சி முடிந்தது, யார் வரவில்லை, எந்தக் கணக்கில் வகுப்பு இடறிற்று, எவருடைய கொப்பிகள் திருத்தப்படவில்லை.